அரிதாரப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஸ்திரீபார்ட் நடிகர்களை, அதாவது நாடகத்தில் பெண் வேஷம் கட்டிய ஆண்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு இப்படிக் கடிதம் குவியும் என்று நினைக்கவில்லை. முட்டுவலிக்கும் தேங்காய் எண்ணெய் விலைக்கும் பதில் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க ஆண்கள் கட்டிய சேலைதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் நாகர்கோவில் வடசேரியில் நாடகச் சாமான் வாடகைக்குக் கொடுத்து, ஆட்களுக்கு மேக்கப்பும் போட்டு 38 வருஷம் ஓட்டியவன். வைத்தியனும் இல்லை, வக்கீலும் இல்லை.

கேள்வி: எனக்கு 72 வயது. பேரன் பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலை. பொங்கலுக்கு வந்தவன் என் பழைய கைத்தறிச் சேலையைக் கட்டி, கண்மை தீட்டி, மீசையோடேயே போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். சொந்தக்காரர்கள் போன் மேல் போன். இவன் பாட்டா, அதாவது என் வீட்டுக்காரர், 1970-களில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போட்ட நாடகத்தில் வள்ளியாக நின்றவர். அன்று பெருமையாக இருந்தது. இன்று நெஞ்சு எரிகிறது. தப்பு என்னிடமா, அவனிடமா? (ஒரு பாட்டி, தக்கலை)

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தில் 'மீசையோடேயே' என்ற வார்த்தைக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். எரிச்சல் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பாட்டா வள்ளியாக நிற்க மீசையை மழித்திருப்பார். என் முன்னால் உட்கார்ந்து மீசையை மழிக்கக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். கத்தி வைக்கும்போது முகத்தில் ஒரு சின்னக் கலக்கம் வரும். வீட்டில் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும், பொண்டாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள், டீக்கடையில் 'என்ன வள்ளி, சுகமா?' என்பார்கள். ஊருக்கே தெரியும், இது கொடை முடிகிற வரைதான் என்று. இருபது நாளில் மீசை வளர்ந்துவிடும், வள்ளி மறுபடியும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார். உங்கள் தலைமுறையும் என் தலைமுறையும் பெண் வேஷத்தை ஏற்றுக்கொண்டது இப்படி ஒரு வாக்குறுதியின் பேரில்தான். திரை விழுந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். பேரன் மீசையையும் எடுக்கவில்லை, திரையும் கட்டவில்லை. எப்போது முடியும் என்றும் சொல்லவில்லை.

அந்த வாக்குறுதிக்குள் நின்றவர்களுக்கு மரியாதை நிறையவே கிடைத்தது. நாடக நடிகர் டி.கே. சண்முகம் 1942-ல் ஔவையார் நாடகத்தில் கிழவியாக நடித்தார். அப்போது அவருக்கு 30 வயதுதான். அதோடு 'ஔவை' அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் சென்னையில் ஔவை சண்முகம் சாலை இருக்கிறது. பாட்டி வேஷம் கட்டிய ஒரு ஆணுக்குத் தெருப் பெயர்! அவருடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் ஸ்திரீபார்ட் நடிகர்தான். நம் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் சண்முகமும் அவர் சகோதரர்களும் நடத்திய நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜி கணேசன் சிறு பையனாக மேடையேறியது சீதையாக.

ஆனால் பழைய காலம் பொற்காலம் என்று நான் சொன்னால் என் பெட்டியே சிரிக்கும். சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அத்தோடு ராணி வேஷம் போச்சு. 'கூத்தாடிக்கா பொண்ணு குடுப்பேன்?' என்று கேட்ட மாமனார்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களே பின்வரிசைக்குப் போய் விசிலடித்துக் கெட்ட வார்த்தை பேசினதை நான் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் அப்பாவுக்கு முந்தினவர்களின் போட்டோ வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தலையில் குடுமி, காதில் கடுக்கன். நம் மேற்குப் பக்கத்தில் தாத்தாவும் முண்டு, பாட்டியும் முண்டு. கொடியில் காயும்போது எது யாருடையது என்று கரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கடுக்கன் தாத்தாவின் பேரன்கள்தான், 1990-களில் மகன் காது குத்திக்கொண்டு வந்தபோது 'பொம்பளையாடே நீ?' என்று அறைந்தவர்கள்.

சரி, என்ன செய்வது? உங்கள் பேரனிடம் 'ஏன்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'கொசுவம் இப்படியா வைப்பாங்க மக்கா?' என்று ஆரம்பியுங்கள். மீதியை அவனே சொல்வான். சொந்தக்காரர்கள் போன் அடித்தால், 'என் சேலைதான், நல்லா இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி அடிக்க மாட்டார்கள்.

கேள்வி: வேலை கிடைத்தால் சவறாவில் பெண் வேஷம் கட்டி விளக்கு எடுப்பதாக நேர்ச்சை வைத்தேன். கிடைத்துவிட்டது. அப்பா விடமாட்டேன் என்கிறார். இத்தனைக்கும் அவர் வருஷா வருஷம் குலசைக்குக் காளி வேஷம் போடுகிறவர்! (24 வயது வாசகர், கொட்டாரம்)

பதில்: சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன், தம்பி.

தெரியாதவர்களுக்கு: கொல்லம் மாவட்டம் சவறா, கொற்றங்குளங்கரை தேவி கோயிலில் மலையாள மாதம் மீனம் 10, 11 தேதிகளில் (மார்ச் 24, 25 வாக்கில்) சமயவிளக்கு நடக்கும். ஆண்கள் சேலையோ செட்டு முண்டோ உடுத்தி, தலையில் பூ வைத்து, விளக்கு ஏந்தி நிற்பார்கள். மாடு மேய்த்த பையன்கள் பெண் பிள்ளைகளாக வேஷம் போட்டு ஒரு கல்லுக்குத் தேங்காய் படைத்து விளையாடியதில் தொடங்கியது என்பது கதை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா உங்கள் எல்லோருக்கும் தெரியும். மாலை போட்டு, விரதமிருந்து, காப்புக் கட்டி, வேஷம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்து வேஷம் அவிழ்ப்பது.

உங்கள் அப்பாவுக்கு வேஷம் பிரச்சினை இல்லை. காளி என்றால் நாக்கு தொங்குகிறது, பல் நீட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் பலகையில் செய்த கைகள், தலையில் தூக்க முடியாத முடி. பார்த்தால் பயம் வரும். பயமுறுத்துகிற பொம்பளையாக ஆண் நிற்கலாம், ஊர் கும்பிடும். நீங்கள் சவறாவில் நிற்கப்போவது பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போல. அழகாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை.

அப்பாவிடம் நேர்ச்சை என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுங்கள். நேர்ச்சையை முடக்கினால் என்ன ஆகும் என்று குலசைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாகர்கோவிலில் இருந்து கொல்லத்துக்கு ரயில், அங்கிருந்து ஆலப்புழை ரோட்டில் பஸ். மேக்கப் போட்டுவிட அங்கேயே ஆள் இருப்பார்கள். பூ மட்டும் தோவாளையில் வாங்கிக்கொண்டு போங்கள், அந்தப் பிச்சிக்கு ஈடு கிடையாது.

கேள்வி: எனக்கு 27 வயது. வீட்டில் யாரும் இல்லாதபோது எப்போதாவது சேலை கட்டிப் பார்ப்பேன். மனசு லேசாகும். பெண்களைத்தான் பிடிக்கும், பெண்ணாக மாற வேண்டும் என்றும் தோன்றியதில்லை. இது வியாதியா? நான் திருநங்கையா? இப்போது பெண் பார்க்கிறார்கள். (பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்)

பதில்: நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் திருநங்கை இல்லை. திருநங்கை என்பவர் உள்ளுக்குள் பெண். சேலை கட்டினாலும் கட்டாவிட்டாலும் பெண். உங்களுக்குச் சேலை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதை கிராஸ் டிரெஸ்ஸிங் என்கிறார்கள். யார் மீது ஆசை வருகிறது என்பது மூன்றாவது சங்கதி. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கு ஒரு எண்ணைக் கெட்ட வார்த்தையாக வைத்து, பள்ளிக்கூட வராந்தாவில் வீசினோம் நாங்கள். அந்த எண் எது என்று உங்களுக்கே தெரியும். எட்டுக்கு அடுத்ததைச் சொல்லத் தயங்கி, வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நின்றுவிட்ட ஒரு பையன் என் வகுப்பிலேயே இருந்தான்.

வியாதியும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலில் எதிர்பால் உடை அணிவதற்கென்று தனித் தலைப்புகள் இருந்தன. 2022-ல் நடைமுறைக்கு வந்த 11-வது பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள். சட்டத்துக்கும் இதில் வேலை இல்லை. 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் திருநங்கையர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஒருவர் உடை மூலமாகத் தன் பாலினத்தைக் காட்டுவது கருத்துரிமையில் சேரும் என்றே சொன்னது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று எந்த டாக்டராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட சிகிச்சை தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லிவிட்டது.

அப்புறம் கல்யாணம். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தரகரிடம் வேண்டாம், அம்மா மூலமாகவும் வேண்டாம். நேரில், காபி ஆறுகிற நேரத்துக்குள். அவள் எழுந்து போனால் போகட்டும், அது அவள் உரிமை. சொல்லாமல் கட்டிக்கொண்டு, நாலாவது வருஷம் பீரோவில் அவளுடையது இல்லாத ஒரு சேலையை அவள் பார்த்தால், வேறொருத்திக்கு வாங்கினது என்றுதான் நினைப்பாள். அந்தச் சண்டைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

கேள்வி: பெண்கள் பேண்ட் சட்டை போட்டால் யாரும் கேட்பதில்லை. ஆண் சேலை கட்டினால் மட்டும் ஏன் இத்தனை கூச்சல்? (ஆசிரியை, கருங்கல்)

பதில்: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்க விடிகாலையில் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் நைட்டிக்கு மேல் மகனுடைய சட்டை. இதை ஆண் வேஷம் என்று ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை. கொசுவுக்கும் வெயிலுக்கும் போட்டது, அவ்வளவுதான். அதே வீட்டுக்காரர் மழையில் நனைந்து வந்து, கைக்குக் கிடைத்த நைட்டியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால், பேரப்பிள்ளை கல்யாணம் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பெண் ஆணின் உடையைப் போட்டால் ஒரு படி ஏறுகிறாள், ஆண் பெண்ணின் உடையைப் போட்டால் இறங்குகிறான் என்ற கணக்குத்தான் இது. கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் சினிமாவில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய், அந்தக் காலத்து ஒரு லட்சம்! பெண்ணா நந்தனார் என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம், ஆனால் அதற்காக அவரை யாரும் கேவலமாக நினைக்கவில்லை.

டீச்சர், உடை என்பது ஏறுவதும் இறங்குவதும் என்று நம் குமரி மாவட்டத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதே கல்குளம், இரணியல், விளவங்கோடு மண்ணில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காக அடி வாங்கினார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1820-களில் தொடங்கியது தோள்சீலைப் போராட்டம். 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு கொக்கி: குப்பாயம் என்கிற மேல்சட்டை போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போலப் போடக் கூடாது. அந்தப் பெண்களின் கொள்ளுப்பேத்திகள்தான் இன்று 'ஆம்பளை எதுக்கு சேலை கட்டணும்?' என்று கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான், கீழே சொல்கிறேன்.

கேள்வி: கணியான் கூத்தில் பெண் வேஷம் கட்டி ஆடுகிறவர்கள் வீட்டிலும் அப்படித்தான் இருப்பார்களா? (கல்லூரி மாணவர், பூதப்பாண்டி)

பதில்: சுடலைமாடன் கொடையில் தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாட, உச்சமும் மந்தமுமாக இரண்டு மகுடப் பறை அடிக்க, சேலை கட்டிச் சலங்கை போட்ட இரண்டு பேர் ராத்திரி முழுக்க ஆடுகிறார்களே, அவர்களைக் கேட்கிறீர்கள். மகுடத்தைத் தீயில் காட்டிச் சூடேற்றுகிற இடைவெளியில் பேசிப் பாருங்கள். ஒருவர் மகளின் நர்சிங் காலேஜ் பீஸ் பற்றிச் சொன்னார், இன்னொருவர் வாழைத்தார் விலை. விடிந்ததும் கைலியும் சட்டையுமாக முதல் பஸ்சில் ஏறுவார்கள். கண்ணில் மை மட்டும் முழுக்கப் போயிருக்காது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் அதைக் கண்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ராத்திரி இவர் ஆடும்போது அந்த ஆளும் கும்பிட்டிருப்பார், யார் கண்டது?

கேள்வி: இத்தனை பேருக்குச் சேலை கட்டிவிட்ட நீங்கள் எப்போதாவது யாரையாவது தடுத்ததுண்டா? உண்மையைச் சொல்லுங்கள். (வாசகி, ஆரல்வாய்மொழி)

பதில்: உண்டு.

1988 பங்குனி. ஒரு கோயில் கொடையில் அரிச்சந்திரா. சந்திரமதிக்கு வர வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். என்னிடம் எடுபிடியாக இருந்த பையனை நிறுத்தினோம். 19 வயது. முத்துவெள்ளை என்கிற அரிதாரப் பொடியை எண்ணெயில் குழைத்து நான்தான் பூசினேன். சவுரி வைத்துப் பின்னி, பூ முடித்து, மூக்குத்தி ஒட்டி எழுந்திரு என்றேன். அவன் எழுந்து நின்ற விதத்திலேயே எனக்கு ஏதோ தெரிந்தது. சுடுகாட்டுக் காட்சியில் மகனை மடியில் போட்டு அழுதான் பாருங்கள், மைக்செட்காரன்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு நாடகம் முடிந்தது. எல்லோரும் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டிக் கிழிசலுமாக முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அழவில்லை, சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

'லேய், நாடகம் முடிஞ்சாச்சு, அவுத்துப் போடு' என்றேன்.

'அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம்.'

ஐந்து நிமிஷம்தான் கேட்டான். சாமான் எல்லாம் ஏற்றி வேன் நிற்கிறது, மேளக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொன்னேன். மேலே எழுதினேனே, எட்டுக்கு அடுத்தது. சவுரியைப் பிடித்து இழுத்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் துடைத்தான், சேலையை நாலாக மடித்து என் கையில் கொடுத்தான். நான் மடித்ததைவிட ஒழுங்காக மடித்திருந்தான். அடுத்த நாள் கடைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அவன் அவனாகவே இருந்தானா, அவளா, அது எனக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. வேஷம் கட்டிவிடுவதுதான் என் பிழைப்பு. கட்டியவன் கூடுதலாக ஐந்து நிமிஷம் கேட்டதற்கு எனக்கு அடிவயிறு கலங்கியது. 2008-ல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் அமைத்தார்கள் என்று பேப்பரில் படித்த அன்று, கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். வீட்டில் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

கேள்வி: ஆபீஸ் ஓணம் விழாவுக்கு நண்பர்கள் ஆறு பேர் சேலை கட்டுவதாக இருக்கிறோம். போன வருஷம் பாதி நடனத்தில் ஒருவனுக்கு அவிழ்ந்தே விட்டது. என்ன செய்யலாம்? (வாசகர், குழித்துறை)

பதில்: ஆண் இடுப்பில் சேலை நிற்காது, வழுக்கும். பாவாடை நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் சரி, ஆடினால் இறங்கும். முதலில் ஒரு ஈரிழைத் துண்டை நீளவாக்கில் மூன்றாக மடித்து, இடுப்பு எலும்புக்குக் கீழே சுற்றி, இரண்டு பக்கமும் ஊக்குக் குத்துங்கள். பாவாடை அதற்கு மேல். இப்போது சேலைக்கு உட்கார ஒரு இடம் கிடைக்கும், பார்க்கவும் இடுப்பு இடுப்பாகத் தெரியும். நான் அதுவரை பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவன். துண்டு வித்தையை எனக்குக் காட்டித் தந்தவன் அந்தச் சந்திரமதிப் பையன்தான்.

கசவுச் சேலை புதிதென்றால் கஞ்சி விறைப்பாக இருக்கும், ஒரு தடவை நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்டு வையுங்கள். கொசுவம் ஆறு போதும். முந்தானையை ரவிக்கையோடு சேர்த்துத் தோளில் ஒரு ஊக்கு, உள்பக்கமாக. ஆளுக்கு நாலு ஊக்கு கணக்கு வைத்து, கூடுதலாகப் பத்து கொண்டுபோங்கள். யாராவது ஒருத்தன் கண்டிப்பாகத் தொலைப்பான்.